எடைக்காரர் சொன்ன வெங்காயம்

இப்போதெல்லாம் மனிதனுக்குக் கண்ணும் மூக்கும் எதற்காக இருக்கின்றன என்பதே எடைக்காரருக்கு விளங்கவில்லை. எதிரே மூட்டை கிடக்கிறது. கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், நசுக்கிப் பார்க்கலாம். செய்ய மாட்டான். டீக்கடை வாசலில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, ஆணியில் தொங்கும் ரேடியோவை அண்ணாந்து பார்த்தபடி நிற்பான். தன் காலடியில் கிடக்கிற சரக்கின் விலையை, எங்கேயோ மூன்றாவது மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் சொன்னால்தான் இவனுக்கு நம்பிக்கை வரும்.

"உங்க பொண்டாட்டி பேரையும் ரேடியோல சொன்னாத்தான்டா நம்புவீங்க" என்று திட்டிக்கொண்டே அவரும் அங்கேதான் டீ குடிப்பார். சந்தையில் வேறு டீக்கடை இல்லை.

அந்த மொத்தக் காய்கறிச் சந்தையில் நாற்பது வருடமாக எடை போடுகிறவர் அவர். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் அவருடைய இரும்புத் தராசின் மேல் ஏறி இறங்கித்தான் வியாபாரியின் கடைக்குப் போகும். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவார். லாரிக்காரன் சொல்லும் எடையை நம்ப மாட்டார், வியாபாரி சொல்லும் எடையை நம்ப மாட்டார், சில நாள் தன் தராசையே நம்பாமல் தானே அதன் மேல் ஏறி நின்று முள்ளைப் பார்த்துக்கொள்வார். இந்த நம்பாத குணத்தினால்தான் சந்தை அவரை நம்பியது. இன்னொன்றும் இருந்தது. நாற்பது வருடத்தில் ஒரு மூட்டைகூட அவர் சொந்தமாக வாங்கி விற்றதில்லை. எடை போடுகிறவனுக்குச் சரக்கு சொந்தமாக இருந்தால் முள் தானாகச் சாயும் என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வேண்டிய காய்கறியைக்கூட நாலு தெரு தள்ளி ஒரு தள்ளுவண்டியில்தான் வாங்குவார்.

ரேடியோவில் ஆறரை மணிக்கு 'விடிந்ததும் விலை' என்று ஒரு நிகழ்ச்சி. இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். கேள்வி கேட்பது ஒரு பெண் குரல், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போலிருக்கும். பதில் சொல்கிற ஆண் குரல் வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொள்ளும். பொருளாதார நிபுணராம். எடைக்காரர் அவருக்குச் 'செருமல்' என்று பெயர் வைத்தார், சந்தை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. தங்கமோ வட்டியோ, வீட்டுக் கடனோ கத்தரிக்காயோ, எதைக் கேட்டாலும் செருமலிடம் பதில் இருந்தது. விலை ஏறினால் ஏன் ஏறியது என்று சொல்வார். இறங்கினால் ஏன் இறங்கியது என்று சொல்வார். ஏறுவதற்கு முன்னால் மட்டும் சொல்ல மாட்டார்.

"பங்குச் சந்தை இப்ப கரடியோட பிடியில இருக்குதாம்" என்று ஒரு நாள் டீக்கடைக்காரர் கவலையோடு சொன்னார். அவரிடம் ஒரு பங்கும் இல்லை.

"கரடி விடறேன்னு அவனே ஒத்துக்கிட்டானா? அந்த மட்டும் யோக்கியன்தான்" என்றார் எடைக்காரர்.

இப்படி இருந்தவரிடம்தான் ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பெண் குரல் நேரிலேயே வந்து நின்றது. இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் பஞ்சு உருண்டை மாட்டிய மைக். மூன்று லாரி ஒரே சமயத்தில் வந்து நின்ற நேரம். முதல் லாரி வழியில் மழையில் மாட்டிக்கொண்டு வந்திருந்தது. சாக்கு நனைந்து கறுத்திருந்தது. ஈரச் சாக்குக்கு எவ்வளவு கழிப்பது என்று எடைக்காரர் லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, வணக்கம். சந்தையைப் பத்திக் கேக்கணும்னா உங்களைத்தான் கேக்கணும்னு எல்லாரும் கையைக் காட்டினாங்க. ஒரே ஒரு கேள்வி."

"தள்ளி நில்லும்மா. மூட்டை விழுந்தா காலு போயிடும்."

அவள் அரை அடி தள்ளி நின்றாள். மைக் தள்ளவில்லை. "எதையும் நம்ப முடியாத காலமா இருக்கு. தங்கம் ஒரு பக்கம் போகுது, பங்கு ஒரு பக்கம் போகுது, பாங்க்ல வட்டி குறைஞ்சுகிட்டே வருது. சாதாரண ஜனங்க கையில நாலு காசு இருந்தா, இப்ப எதை வாங்கி வெச்சா நல்லது? உங்க அனுபவத்துல சொல்லுங்களேன்."

எதை வாங்கி வைப்பதாம். இங்கே ஒருத்தன் தண்ணீரையும் சேர்த்து எடை போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறான்.

"வெங்காயம்!" என்றார் எடைக்காரர்.

மண்ணாங்கட்டி என்று சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது. எரிச்சலில் ஒருவர் வெங்காயம் என்றால் அது குழம்பில் போடுகிற வெங்காயம் இல்லை என்று தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அவரைச் சுற்றி அன்றைக்கு நூற்றெண்பது மூட்டை வெங்காயம் கிடந்தது. அந்தப் பெண் மூட்டைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"வெங்காயமாங்க ஐயா?"

"ஆமா, வெங்காயம். பெரிய வெங்காயம்! போம்மா, வண்டி நிக்குது."

மறுநாள் ஆறரைக்கு டீக்கடையில் அவருடைய குரல் கேட்டது. தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. எவனோ தொண்டை கட்டிய கிழவன் பேசுகிறான் என்றுதான் நினைத்தார். பிறகு 'பெரிய வெங்காயம்' காதில் விழுந்தது. கிளாஸ் கையிலேயே நின்றுவிட்டது.

"கேட்டீங்களா சார்?" என்றது பெண் குரல். "நாற்பது வருஷ அனுபவம். யோசிக்கவே இல்லை, பட்டுனு சொன்னார்."

செருமல் செருமினார். "கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, அவர் சும்மா வெங்காயம்னு சொல்லி விட்டுடலை. பெரிய வெங்காயம்னு குறிப்பா சொல்றார். சின்ன வெங்காயம் இல்லை. இது அனுபவம் உள்ளவங்க சொல்ற வார்த்தை. வரத்துப் பாதையில மழை இருக்கு, கிடங்குல இருப்பு குறைவா இருக்கு. அடுத்த பத்து நாள்ல நல்ல ஏற்றம் வர வாய்ப்பு இருக்கு."

எல்லாரும் எடைக்காரரைப் பார்த்தார்கள். நாற்பது வருடத்தில் அவரை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

"யோவ், நான் அவளைத் திட்டினேன்யா!"

"தெரியும், தெரியும்" என்று கண்ணைச் சிமிட்டினார் பூண்டுக்காரர். நாற்பது வயதுக்காரர், பூண்டு மண்டி வைத்திருப்பவர், வாய் ஓயாதவர். "எங்ககிட்ட மட்டும் திட்டுறீங்க. அந்தப் பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டீங்க. இருக்கட்டும் பெரியவரே, நாங்களும் பொழச்சுக்கிறோம்."

சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். நனைந்த லாரியின் சரக்கு முழுவதையும் எட்டு மணிக்குள் அவர் மடக்கிவிட்டதை எடைக்காரர் பிறகுதான் கேள்விப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அவருடைய கட்டில் செங்குத்தாகச் சுவரில் சாய்ந்து நின்றது. கட்டில் கிடந்த இடத்தில் இருபது மூட்டை வெங்காயம்.

அது மகளுடைய வீடு. முன் அறையில் தையல் மிஷின், துணி வெட்டும் மேசை, பள்ளிச் சீருடைக்கு வந்திருக்கும் நீலத் துணிக் கட்டுகள். பின் அறை அவருடையது. கணவன் விட்டுப் போன பிறகு தைத்துத் தைத்தே அவள் அந்த வீட்டை நிறுத்தியிருந்தாள். இந்த வருடம் ஒரு பெரிய பள்ளி முழுச் சீருடையையும் தருவதாகச் சொல்லியிருந்தது, ஒரு நிபந்தனையோடு: துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் சொந்தமாக இருக்க வேண்டும். பழைய மிஷின் ஒன்றைப் பேசி முடித்திருந்தாள். விற்பவர் சனிக்கிழமை வரை காத்திருப்பார். அதற்கு வைத்திருந்த பணம் முழுவதும் இப்போது அவருடைய கட்டில் கிடந்த இடத்தில் அடுக்கியிருந்தது.

"யாருகிட்ட வாங்கினே?"

"பூண்டுக்காரர்கிட்ட. உங்க பொண்ணுங்கிறதால விலை குறைச்சுக் கொடுத்தார்."

எடைக்காரர் ஒரு சாக்கின் வாயைப் பிரித்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து, தாளை வெட்டிய இடத்தில், அதன் கழுத்தில், கட்டைவிரலை வைத்து நசுக்கினார். காய்ந்த கழுத்து என்றால் காகிதம் போலச் சரசரக்கும். இது பிசுக்கென்று அமுங்கியது. விரலில் ஈரம்.

"கழுத்து ஈரம். ஒரு வாரம் தாங்காது. பூசணம் பிடிக்கும், இல்லாட்டி முளை விடும். நாளைக்கே திருப்பிக் கொடுத்துடு."

"பத்து நாள்ல ஏறும்னு ரேடியோல சொல்லியாச்சு."

"சொன்னதே நான்தான்டி!"

"அதனாலதான் வாங்கினேன்." அவள் மிஷினை நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டே பேசினாள். "இந்த வீட்ல எதுக்காவது ஒரு நாள் சரின்னு சொல்லியிருக்கீங்களா? சீட்டுப் போடட்டுமான்னு கேட்டேன், வேண்டாம். பாங்க்ல கடன் வாங்கட்டுமான்னேன், வேண்டாம். இந்த மிஷினுக்கே வேண்டாம்னுதான் சொன்னீங்க. என் கல்யாணத்துக்கும் வேண்டாம்னீங்க."

கல்யாண விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை.

"பெத்த பொண்ணுகிட்ட இத்தனை வருஷத்துல இதை வாங்கு, நல்லதுன்னு ஒரு வார்த்தை வந்ததில்லை" என்றாள் மகள். "எவளோ ஒருத்தி மைக்கை நீட்டினா, பட்டுனு சொல்றீங்க. ஊருக்கே சொல்லிட்டு வீட்டுக்கு வந்து வேண்டாம்ங்கிறீங்க. நான் நல்லா இருந்தா உங்களுக்கு என்னப்பா?"

மிஷின் நின்றது. நூல் அறுந்திருந்தது. அவள் நூலை ஈரப்படுத்தி ஊசியில் கோக்கப் பார்த்தாள். அது வெறும் வசவு என்றார் எடைக்காரர். சொல்லும்போதே பொய் போலத்தான் கேட்டது.

அன்றைக்குத் துணி வெட்டும் மேசைமேல்தான் படுக்கை. தூக்கம் பிடிக்கவில்லை. வெங்காய நெடி முன் அறைக்கும் வந்து நீலத் துணிக் கட்டுகளில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் வகுப்பே அழும் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை விலை ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? சந்தைக்கு வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். பள்ளி வாத்தியார் இரண்டு மூட்டை. சலூன்காரர் மூன்று. கல்யாணத்துக்கு நகை வாங்க வைத்திருந்த காசில் ஒருவர் பத்து மூட்டை எடுத்தார். யாரும் ஒரு காயைக்கூட நசுக்கிப் பார்க்கவில்லை. தராசைத் தாண்டிப் போகும்போது, கோயில் வாசலைத் தாண்டுகிற மாதிரி எடைக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

"கழுத்தைப் பாருய்யா, ஈரம்!" என்று கத்தினார்.

"பெரியவர் விலையை அடக்கப் பார்க்கிறார், அவர் இன்னும் வாங்கி முடிக்கலை போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள்.

வியாழக்கிழமை இன்னும் ஏறி, திங்கட்கிழமை விலையைப் போல இரண்டு மடங்கானது. மழை, வரத்து, இருப்பு என்று செருமல் காலையில் காரணம் சொன்னார், அடுத்த வாரம் வரை ஏறும் என்றார். எடைக்காரரால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வெங்காய மூட்டை தராசில் ஏறும்போதெல்லாம் கண் முள்ளுக்குப் போய் வந்தது. தன் வீட்டில் இருபது மூட்டை இருக்கிறது. விலை ஏறினால் அவருக்கும் லாபம். நாற்பது வருடம் வராத அந்தக் கணக்கு மூட்டைக்கு மூட்டை தலைக்குள் ஓடியது. ஒரு மூட்டையை இரண்டு தடவை நிறுத்தார். இரண்டு தடவையும் ஒரே எடைதான். மூன்றாவது தடவையும் நிறுத்தார். லாரிக்காரர் முறைத்தார்.

மத்தியானமே வீட்டுக்குப் போய் ஒரு மூட்டையைக் கவிழ்த்தார். அடியிலிருந்த காய்களில் மூன்று, பச்சையாக மூக்கை நீட்டியிருந்தன.

"இதோ பார். இப்ப ரெண்டு மடங்கு விலை. இன்னைக்கே தள்ளிடு. மிஷினும் வரும், மிச்சமும் இருக்கும்."

"பூண்டுக்காரரும் காலையிலேருந்து அதைத்தான் கேக்கிறார். அதே மூட்டையைத் திருப்பிக் கொடு, ரெட்டை விலை தர்றேங்கிறார். அவர் ஏன் கேக்கிறார்? இன்னும் ஏறும்னுதானே? ரேடியோல அடுத்த வாரம்னு சொல்றாங்க. மிஷின்காரரை ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லிப் பார்க்கிறேன்."

"பொறுக்க மாட்டான். நீ என் பேச்சைக் கேளு."

"நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கேன். இப்ப விக்கச் சொல்றதையும் கேக்கணும்னா, ரெண்டுல எது நெசம்? ரேடியோல ஒண்ணு, வீட்ல ஒண்ணு."

வெள்ளிக்கிழமை விடியும் முன்னே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சந்தைக்குப் போகவில்லை. கடைத்தெரு வழியாக நடந்து, செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி வரை படியேறினார்.

ரேடியோ நிலையம் என்றால் பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தார். குளியலறை அளவு ஒரு அறை. சுவர் முழுக்க முட்டை அடுக்குகிற அட்டைத் தட்டுகளை ஒட்டி வைத்திருந்தார்கள், வெளிச் சத்தம் வராமலிருக்க. முப்பது முட்டைத் தட்டு, எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது. இதற்குள்ளிருந்துதான் ஊருக்கு விலை வருகிறது.

மைக் வைத்திருந்த பெண் ஓடி வந்தாள். "ஐயா! நீங்களே வந்துட்டீங்களா! உங்களாலதான் இந்த வாரம் இத்தனை போன். ஒரு நாள் உங்களை உட்கார வெச்சுப் பேசணும்னு..."

"ஏம்மா, வெங்காயம்னா என்னன்னு உங்க வீட்ல யாரும் உனக்குச் சொல்லலையா?"

அவள் புரியாமல் விழித்தாள். அவர் சொன்னார். அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "என்னையா திட்டினீங்க?" என்று கேட்ட விதத்தில் அழுதுவிடுவாள் போலிருந்தது.

நாற்காலியில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவர் செருமினார். ஒல்லியான மனிதர், கழுத்தில் மஃப்ளர். "எனக்குக் கேட்டதுமே புரிஞ்சுடுச்சு பெரியவரே. திட்டுறார்னு. ஆனா அதுக்குள்ள ஒலிபரப்பாயிடுச்சு. நேரலையில சும்மா இருக்க முடியுமா? ஒரு காரணம் சொல்லித்தானே ஆகணும்."

"மழைன்னீங்க. இருப்புன்னீங்க."

"மழை இருக்கத்தானே செய்யுது?"

"தெரிஞ்சும் சொல்லியிருக்கீங்க. நீங்க வாங்கினீங்களா?"

அவர் வெந்நீர்க் கிளாஸைப் பார்த்தார். "வீட்டுக்கு ஒரு மூட்டை. எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெண் அவசரமாக அவரை உட்கார வைத்து, காதில் எதையோ மாட்டினாள். சூடாக இருந்தது. ஆறரை இசை முடிந்ததும் அவள் குரல் சட்டென்று குளித்துவிட்டு வந்த குரலாகிவிட்டது. எடைக்காரர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நான் வெங்காயம்னு சொன்னது வெங்காயத்தை இல்லை. வெங்காயம்னு சொன்னேன். புரியுதா? பெரிய வெங்காயம்னா, பெரிய வெங்காயம் இல்லை. பெரிய... வெங்காயம்!"

கண்ணாடிக்கு அப்பால் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"அப்போ இப்ப வாங்கி வெச்சிருக்கிறவங்க என்ன பண்ணலாங்க ஐயா?" என்றாள் பெண்.

எடைக்காரர் மைக்கைப் பார்த்தார். இந்த நேரத்துக்கு மகள் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலில் சின்ன ரேடியோ. வீட்டில் மூன்று நாளாகச் சொல்லியும் அவள் காதில் ஏறாத வார்த்தையை இங்கே உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

"கழுத்தை நசுக்கிப் பாருங்க. தாளை வெட்டின இடம். சரசரன்னா வெச்சுக்கலாம். ஈரமா இருந்தா, அடியில இப்பவே முளை விட்டிருக்கும். இன்னைக்கே வித்துடுங்க. மிஷின் வாங்கறதுக்கு வெச்சிருந்த காசு, தையல் மிஷின் வாங்கறதுக்கு வெச்சிருந்த காசுல யாராவது வாங்கியிருந்தா, காத்துக்கிட்டு நிக்காதே. இந்த நிமிஷமே வித்துடு. நேத்து வந்து கேட்டவன் இன்னைக்கு மத்தியானம் கேக்க மாட்டான்."

ஊருக்குப் பேச ஆரம்பித்த வாக்கியம் ஒருத்திக்குப் போய் முடிந்ததை அவரே கவனித்தார். செருமலும் கவனித்தார். ஆனால் அவர் செருமிவிட்டு, லாபத்தைக் கையில் எடுத்துக்கொள்வதும் நல்ல உத்திதான் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போது கடைத்தெருவில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. சலூன்காரர் தன் கடைப் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வெங்காயத்தின் கழுத்தாக நசுக்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் வீட்டு வாசலில் வாத்தியாரின் மனைவி நசுக்கினார், வாத்தியார் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நாலைந்து பேர் சந்தைப் பக்கம் ஓடினார்கள். எடைக்காரர் சந்தைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போனார்.

கட்டில் பழைய இடத்தில் கிடந்தது. தரையில் வெங்காயத் தோல் மட்டும் கிடந்தது, மகள் அதைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வித்துட்டியா?"

"ஏழு மணிக்கே. போன் பண்ணினேன், வண்டியோட வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டார். பேசின விலை, கையில காசு."

"யாரு?"

"பூண்டுக்காரர்தான். விடிகாலையிலேருந்து சரக்குப் பிடிக்கச் சுத்திக்கிட்டிருந்தாராம், ரேடியோ கேக்கலை போல." துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "வித்துடுன்னு ரேடியோல சொன்னாங்க."

"சொன்னது நான்."

"ஆமா. வீட்ல சொல்லும்போது உங்க குரல் வேற மாதிரி இருக்குப்பா. என்னவோ எனக்கு எதுவும் கிடைக்கக் கூடாதுங்கிற மாதிரி." பிறகு தோலை முறத்தில் அள்ளினாள். "அங்கே சொன்னது எனக்குன்னு புரிஞ்சுது."

அவருக்குச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தார். கட்டிலும் வெங்காயமாக நாறியது.

சனிக்கிழமை காலை ஓவர்லாக் மிஷின் கை வண்டியில் வந்து இறங்கியது. அவர் அதன் காலை ஆட்டிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், பழைய சரக்கு என்று சொன்னார். மகள் கண்டுகொள்ளவில்லை, ஒரு துண்டுத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தாள். எடைக்காரர் சந்தைக்குக் கிளம்பினார்.

டீக்கடையில் இடம் விட்டு நின்றார்கள், ஆனால் யாரும் கும்பிடவில்லை. விலை திங்கட்கிழமை இருந்ததற்கும் கீழே போய்க் கிடந்தது. பூண்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"வாங்க பெரியவரே. என் சரக்கை எனக்கே ரெட்டை விலைக்கு வித்த புண்ணியவான்."

"நான் விக்கலை."

"தையல் மிஷின் காசுன்னு சொன்னது யாருக்கு? ஊருக்கா? நாலு பேரு சொல்லித்தான் எனக்கே தெரியும். எல்லாரும் கேக்கிற ரேடியோல உக்காந்துகிட்டு உங்க பொண்ணுக்கு மட்டும் போன் பண்ணின மாதிரி பேசியிருக்கீங்க. நான் அப்ப ரோட்ல இருந்தேன்."

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் சொன்னேன். ரேடியோ கேக்காதது என் குத்தமா? நனைஞ்ச சரக்குன்னு தெரிஞ்சே என் பொண்ணு தலையில கட்டினவன் நீ."

"வியாபாரி அப்படித்தான் பண்ணுவான். நீங்க வியாபாரி இல்லையே" என்றார் பூண்டுக்காரர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எடைக்காரருக்கு உறைத்தது.

அவர் டீயை ஊதிக் குடித்தார். நாக்கு சுட்டது. "மூட்டையில அப்படியே வைக்காதே" என்றார். "பிரிச்சு நிழல்ல பரப்பு. காத்து ஓடணும். அழுகினதைப் பொறுக்கி எறிஞ்சுடு. பாதிக்கு மேல தேறும்."

"இதை ரேடியோல சொல்லுங்க, நம்புறேன்."

பெஞ்சு சிரித்தது. பூண்டுக்காரரும் கடைசியில் சிரித்துவிட்டார். எடைக்காரர் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய ரேடியோ செருமியது. வெங்காயத்தில் வந்த இந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான் என்றது. சந்தையின் மொழியில் இதற்குத் திருத்தம் என்று பெயர் என்றது.

"திருத்தமா? யாரு பண்ணின தப்பை யாரு திருத்தினாங்களாம்?"

"தெரியலை" என்றார் டீக்கடைக்காரர். "ஆனா எதிர்பார்த்ததுதான்னு சொல்றாருல்ல."

எடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டுத் தராசுக்குப் போனார். முதல் லாரி இன்னும் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானே அதன் மேல் ஏறி நின்றார். முள் ஆடி, ஆடி, நின்றது. போன மாதம் காட்டிய அதே எடை. இறங்கி மறுபடி ஏறினார். அதேதான். எல்லாம் சரியாக இருப்பதுதான் சரியில்லை என்று பட்டது. இன்னும் ஒரு தடவை ஏறலாமா என்று நினைத்தார். பிறகு சீச்சீ என்று சொல்லிக்கொண்டு, முள்ளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரி வரும் வாசல் பக்கம் நடந்தார்.